காதைப் பிடித்தால் வலி

பேசுகிற பிள்ளைகளுக்கே பெஞ்சு பத்தவில்லை என்று பெரிய டீச்சர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, பக்குவமாகத்தான் சொன்னார். வருஷக் கடைசிக்குள் பிள்ளை வாய் திறந்து நாலு வார்த்தை பேச வேண்டும். இல்லாவிட்டால் வாய் பேசாத பிள்ளைகளுக்கென்று இருக்கிற விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அது ரயிலில் போகிற தூரம். அப்புறம் லீவுக்கு லீவுதான் பிள்ளையைப் பார்க்க முடியும்.

எதிரே நின்ற தாய்க்கு முதலில் அது மண்டையில் ஏறவே இல்லை.

"என் பிள்ளை ஊமை இல்லீங்க டீச்சர். வீட்ல பேசுவா."

"வீட்ல என்ன பேசுவா?"

நேற்று என்ன பேசினாள் என்று யோசித்தாள். அதற்கு முந்தின நாளையும் யோசித்தாள். தூக்கத்தில் ஏதோ முனகினது ஞாபகம் வந்தது. விளக்கை அணைத்த பிறகு காதோடு காதாக "பூனை" என்று ஒரு தரம் சொன்னது ஞாபகம் வந்தது. அதற்கு மேல் தேடினால் கை வெறுமையாகத் திரும்பியது. பக்கத்தில் நின்ற ஆறு வயசுப் பிள்ளையோ, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியாததுபோலச் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இனி அந்தத் தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளை எல்லாரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஊசி போடத் தெரியாது, மருந்துப் பேரை வாசிக்க வராது, ஆனாலும் நர்ஸம்மா. பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தபோதே புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள். ஆண்டவன் கைவிடவில்லை. ஒரு மாடி வீட்டில், பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கும்.

அந்த வேலை பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டதுதான். இந்தப் பக்கம் புரட்டு, அந்தப் பக்கம் புரட்டு, முதுகு புண்ணாகாமல் துடைத்துப் பவுடர் போடு, சோற்றைக் குழைய மசித்து அரைக் கரண்டி ஊட்டு, தொண்டை இறங்குகிறதா என்று பார், அப்புறம் அடுத்த அரைக் கரண்டி. முகம் சுளிக்காமல் செய்தாள். பெற்ற தகப்பனுக்குச் செய்வதுபோலச் செய்தாள் என்று அந்த வீட்டம்மாவே நாலு பேரிடம் சொன்னதுண்டு. வீட்டம்மா என்றால் பெரியவரின் மருமகள். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, எங்கெங்கோ இருக்கிறவர்களிடம் நாள் பூராவும் பேசுவதுதான் அவர் உத்தியோகம். நல்ல மனசுக்காரி. கைக்குழந்தையோடு வந்து நின்றவளை வேண்டாமென்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: பிள்ளை இருக்கட்டும், சத்தம் மட்டும் கேட்கக் கூடாது.

நர்ஸம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பெரியவருக்காக ஏற்கெனவே கைஜாடைகள் வைத்திருந்தாள். கன்னத்தைத் தொட்டால் தண்ணீர். கட்டில் சட்டத்தில் ரெண்டு தட்டுத் தட்டினால் ஒண்ணுக்கு. காதைப் பிடித்தால் எங்கேயோ வலிக்கிறது என்று அர்த்தம். மூலையில் பாய் போட்டு உட்கார வைத்திருந்த பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அதுவும் கன்னத்தைத் தொட்டது. நர்ஸம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்து, "என் சமத்து" என்று முத்தம் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த அறையில் ரெண்டு நோயாளி என்று அவளே கேலி பேசுவாள்.

பிள்ளை வளர வளர சமத்து என்ற பேரும் வளர்ந்தது. வந்தவர் போனவரெல்லாம், இந்த வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறதே தெரியவில்லையே என்று ஆச்சரியப்படுவார்கள். கீழே விழுந்தால் அழாது. பசித்தால் கேட்காது. தும்மல் வந்தால்கூட இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு தும்மும். வீட்டம்மா தன் சிநேகிதிகளிடம், "எங்க வீட்டுச் சமத்தைப் பாத்திருக்கீங்களா?" என்று கூப்பிட்டுக் காட்டுவார். பிள்ளையின் சொந்தப் பேர் எல்லாருக்கும் மறந்தே போய்விட்டது. நர்ஸம்மா தினமும் படுக்கப் போகும்முன் கைகூப்பி, என் நிலைமையைப் பார்த்து இப்படி ஒரு பிள்ளையைக் கொடுத்தாயே சாமி என்று நன்றி சொல்லுவாள். கத்திக் கூச்சல் போட்டு, மழலை பேசி, நாலு பேர் காதைப் புளிக்க வைக்க வேண்டிய வயசு அது என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும், அப்போது அவளால் என்ன செய்திருக்க முடியும்?

பெரியவருக்கும் பிள்ளைக்கும் ஒரு சிநேகம் இருந்தது. அவர் பஞ்சை இடது கையால் உருட்டி மூலையைப் பார்த்துச் சுண்டுவார். பிள்ளை அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து அவர் உள்ளங்கையில் வைக்கும். மறுபடி சுண்டுவார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். சத்தம் வராத சிரிப்பு. தோள்தான் குலுங்கும்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பேச்செடுத்த சமயத்தில் பெரியவர் போய்விட்டார். அன்றைக்கு நர்ஸம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அழுக்கான போர்வைகள். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. துவைக்கிற இடம் வழுக்கும் என்பதால் பிள்ளை நிலைப்படியைத் தாண்டி வரக் கூடாது என்று கண்டிப்பு. முதுகுக்குப் பின்னால் நிழல் ஆடினது அவளுக்குத் தெரிந்தது. பிள்ளைதான் என்று தெரிந்தது. திரும்பவில்லை. "சும்மா இரு, இதோ வரேன்" என்றாள். மிச்சமிருந்ததையும் அலசிப் பிழிந்து, கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனபோது, பெரியவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். மூச்சு இல்லை.

டாக்டர் வந்து பார்த்தார். விழுந்ததால் போகவில்லை, போனதால்தான் விழுந்தார், மறுபடி வந்த வாதம் ஒரு நொடியில் கொண்டுபோயிருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது என்றார். அந்த வார்த்தையை நர்ஸம்மா மனசுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டாள். அழுதுகொண்டு நின்ற வீட்டம்மாவின் கண், அந்த அமளியிலும் மூலையில் போய் நின்றது.

"கொழந்த ஏன் காதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது? அது என்ன தப்பு பண்ணுச்சு, பாவம்."

நர்ஸம்மா போய்ப் பிள்ளையின் கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கை மறுபடி காதில் இருந்தது. பெரியவரைப் பார்த்துப் பழகின பழக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் கதை அங்கிருந்துதான் ஆரம்பம். பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்தால் பெஞ்சில் ரெண்டு தட்டுத் தட்டும். டீச்சர் கரும்பலகையைப் பார்த்தபடியே, "யாரது தட்டறது? சும்மா இரு" என்பார். சும்மா இருப்பது பிள்ளைக்குக் கைவந்த வித்தை. அப்படியே இருந்து, உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிடும். ஒரு நாள் வயிற்று வலி. எழுந்து நின்று காதைப் பிடித்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, என்ன குறும்பு செய்தாய், சரி சரி, மன்னிச்சாச்சு, உட்கார் என்றார். மற்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்து, தாங்களும் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டார்கள். சாயங்காலம் நர்ஸம்மா வந்து தொட்டுப் பார்த்தபோது உடம்பு அனலாய்க் கொதித்தது. பகல் பூராவும் அந்தப் பிள்ளை காதைப் பிடித்து, மன்னிப்பு வாங்கி வாங்கி உட்கார்ந்திருக்கிறது.

விளையாட்டு வேளையில் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவள் மகள். அப்பாடா, சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வயிற்றில் பால் வார்த்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தபோதுதான் விளங்கியது. ஓடுகிறவர்கள் தொட்டுவிட்டுத் திரும்புகிற கம்பம் வேண்டுமல்லவா, அந்தக் கம்பம்தான் இவள் மகள். எல்லாரும் ஓடி வந்து தலையில் அடித்துவிட்டுப் போனார்கள். பிள்ளை அசையாமல் நின்றது. நல்ல கம்பம் என்று ஒரு பிள்ளை மெச்சினதும் காதில் விழுந்தது.

இதற்கெல்லாம் பிறகுதான் பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினது.

விடுதி என்று கேட்ட நாளிலிருந்து நர்ஸம்மா தனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் செய்தாள். தெரிந்த வழி எல்லாமே தப்பான வழி. முதலில் கெஞ்சினாள். அப்புறம், வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு என்று திட்டினாள். ஒரு நாள் கன்னத்தில் ஒன்று வைத்தும்விட்டாள். பிள்ளை அழவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது, அழுகை வெளியே வந்துவிடப் போகிறதே என்று. அதைப் பார்த்த பிறகு அவள் கை நீளவில்லை.

எதிர்வீட்டு இஸ்திரிக்கார அக்கா ஒரு யோசனை சொன்னாள். "நீ ஏன்டி அவ கேக்கறதுக்கு முந்தி தட்டை நீட்டற? வயிறு காஞ்சா வாய் தானா தெறக்கும்." சரியென்று, வாயால் கேட்டால்தான் சோறு என்று சொல்லிவிட்டு, தட்டைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளை தட்டைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. கன்னத்தைத் தொட்டு, தண்ணீர் மட்டும் கேட்டது. அவள் கொடுக்கவில்லை. பிள்ளை எழுந்து போய்ப் பாயைத் தானே விரித்துப் படுத்துக்கொண்டது. ஆறின சோற்றைத் தூங்குகிற பிள்ளைக்கு ஊட்டப் பார்த்தாள், இறங்கவில்லை. அன்றைக்கு அவள் சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க முகமில்லை.

பெரியவர் போன பிறகு நோயாளி வேலைக்குப் போக அவளுக்கு மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் இருந்த மாவு மில்லில் சேர்ந்தாள். கோதுமையைத் தொட்டியில் கொட்டுவது, துணிக்குழாய் வழியாக இறங்குகிற மாவைச் சலிப்பது, கொண்டுவந்தவர்களின் டப்பாவில் அடைத்துக் கொடுப்பது. தலைமுடி, புருவம், இமையெல்லாம் வெளுத்துப்போகும். இரண்டு மிஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. மில்லில் ரகசியம் பேசினால் மாவுக்குத்தான் கேட்கும் என்பார் மில்காரர். தன் பெண்டாட்டியைவிட இந்த மிஷின் தேவலை, இதுக்கு சுவிட்ச் இருக்கு என்றும் சொல்லுவார், அவள் பக்கத்தில் இல்லாத சமயம் பார்த்து.

பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை அங்கே வந்து, கோதுமை மூட்டைகளுக்குப் பின்னால், சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் சல்லடையும் கையுமாக நிமிர்ந்தவள் திகைத்துப்போனாள். பிள்ளையின் தாடை அசைந்துகொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பேசிக்கொண்டிருந்தது. இல்லை, கத்திக்கொண்டிருந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு கிட்டே போனாள். நிழல் பட்டதும் வாய் மூடிக்கொண்டது.

அதிலிருந்து கிட்டே போகவில்லை. தூர நின்றே பார்த்தாள். மிஷின் ஓடினால் பிள்ளை பேசும். மிஷின் நின்றால் நிறுத்திவிடும். சத்தம் கேட்காத இடத்தில் சத்தம் போடலாம் என்று அதுவாகவே கண்டுபிடித்திருக்கிறது. பாடம் ஒப்பிக்கிறதோ, பாட்டுப் பாடுகிறதோ என்று இவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். மில் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

"விடும்மா, செவுத்துக்கிட்டயாச்சும் பேசட்டும்" என்றார் மில்காரர். "செவுரு எதுத்துப் பேசாது. சும்மா இருன்னும் சொல்லாது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

வெயில் காலம், பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் மத்தியானம். நாலைந்து பேர் டப்பாவோடு காத்திருந்தார்கள். இரண்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. பெல்ட்டு ஓட்டம் தளர்ந்து, இரைச்சல் இறங்கி இறங்கி, கடைசியில் கல் சுற்றுகிற முனகல் மட்டும் மிஞ்சி, அதுவும் ஓய்ந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பிள்ளை அதைக் கவனிக்கவில்லை.

"அம்மா, திரும்பு. அம்மா, திரும்பு. தாத்தா காதைப் பிடிக்கிறாரு. கீழ விழுந்துட்டாரு. காதைப் பிடிக்கிறாரு. அம்மா, திரும்பு. அம்மா..."

கரகரத்த, உரத்த குரல். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி. பெற்றவளுக்கே அந்தக் குரல் புதுசு. சட்டென்று பிள்ளைக்கு அமைதி உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டது.

"யாரு பிள்ளைம்மா அது? நல்ல கணீர்னு குரலு," என்றாள் டப்பா வைத்திருந்த ஒருத்தி.

நர்ஸம்மா கையில் இருந்த சல்லடையைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். நிலைப்படியில் ஆடின நிழல் அவள் கண்முன் வந்தது. குழாய்ச் சத்தம் வந்தது. சும்மா இரு, இதோ வரேன் என்ற தன் குரலும் வந்தது. பெரியவர் ஒரு நொடியில் போகவில்லை. கீழே கிடந்து காதைப் பிடித்திருக்கிறார், வலிக்கிறது என்று. அவருக்கும் கூப்பிட வாய் இல்லை. அதைப் பிள்ளை கொண்டுவந்து நிலைப்படியில் நின்று, தானும் காதைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் முதுகிடம் சொல்லியிருக்கிறது. கற்றுக்கொடுத்தபடி, சத்தம் போடாமல். படியைத் தாண்டாமல்.

மூட்டைகளுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நீ வந்து நின்னல்ல?"

பிள்ளை காதைப் பிடித்தது.

"நீ சரியாத்தான்டி சொன்ன. அம்மாதான் பாக்கல. தப்பு அம்மாவோடது. உன்மேல ஒண்ணுமில்ல."

அந்தச் சமயம் பார்த்துக் கரண்ட் வந்தது. மிஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. பிள்ளையின் உதடு அசைந்தது. என்ன சொன்னது என்று கேட்கவில்லை. நர்ஸம்மா எழுந்து போனாள். ஓடுகிற மிஷினின் சுவிட்சை, மில்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அணைத்தாள். காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மில்காரர் வாயைத் திறந்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவள் திரும்பி வந்து, "இப்ப சொல்லு" என்றாள். பிள்ளை சொல்லவில்லை. ஆனால் கண் விரிந்து, சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தது. தான் பேசுவதற்காக ஒருவர் ஒரு சத்தத்தை நிறுத்தி அது பார்த்ததே இல்லை.

மறுநாள் அவள் அந்த மாடி வீட்டுக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் தினமும் கைகூப்பி நிற்கிறவளுக்கு அதை மென்று முழுங்கிவிட்டு நிற்க முடியவில்லை. வாசலில் நின்றபடியே, நடந்ததை நடந்தபடி சொன்னாள். வீட்டம்மா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எவ்வளவு நேரம் உயிரோட கெடந்திருப்பாரு?"

"தெரியலம்மா."

வீட்டம்மா கதவைச் சாத்திக்கொண்டார். அடித்துச் சாத்தவில்லை. மெதுவாக, சத்தம் வராமல். அதன் பிறகு தெருவில் எதிர்ப்பட்டாலும் அவர் நர்ஸம்மாவைப் பார்ப்பதில்லை. அதில் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது?

வீட்டில் அவள் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தாள். அடுப்படியில் பிள்ளைக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். "கூப்பிடு. எதுக்கு வேணா கூப்பிடு. அம்மா வந்துருவேன்." கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது அவள் தனக்குப் போட்டுக்கொண்ட கட்டளை. முதலில் தட்டல்தான் கேட்டது. அதற்கும் திரும்பினாள். இனி எந்த ஜாடைக்கும் திரும்பாமல் இருக்க அவளுக்குத் தைரியம் இல்லை. அப்புறம் ஒரு நாள் மூச்சு மாதிரி ஒரு "ம்மா". பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது, இவள் ஓடிப்போய் மண்டிபோட்டு நின்றாள். என்ன கண்ணு என்றாள். ஒன்றுமில்லை. சற்றுக் கழித்து மறுபடி "ம்மா". மறுபடி ஓடினாள். வருகிறாளா என்று பிள்ளை பரீட்சை வைத்துப் பார்த்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தது.

"என்னடி, ராஜா கூப்பிட்ட மாதிரி ஓடற?" என்று எதிர்வீட்டு அக்கா சிரித்தாள். "செல்லம் குடுத்துக் கெடுக்காத."

"கெடுத்தது முன்னாடிக்கா" என்றாள் இவள்.

ஒரு சாயங்காலம் ஓடிப்போய் நின்று, "எதுக்குடா கூப்பிட்ட?" என்று கேட்டபோது, பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது:

"சும்மா."

அவள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அழுதாள்.

ஆனால் அது வீட்டுக்குள்தான். வாசற்படி தாண்டினால் பிள்ளை பழையபடி கம்பம்தான். வருஷக் கடைசி வந்தது. பெரிய டீச்சரின் அறைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். மேசை மேல் பூனைப் படம், பழப் படம், வண்டிப் படம் என்று அடுக்கி வைத்திருந்தது. முதல் கேள்விக்கே நர்ஸம்மாவின் உதடு அசைந்துவிட்டது. பெரிய டீச்சர் கையைக் காட்டினார்.

"நீங்க கண்ணாலயே சொல்லிக் குடுக்கறீங்கம்மா. அந்த ஜன்னல் பக்கம் திரும்பி நில்லுங்க."

திரும்பி நின்றாள். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. பின்னால் பெரிய டீச்சரின் குரல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. உன் பேர் என்ன? இது என்ன? பூனை எப்படிக் கத்தும்? ஒவ்வொன்றுக்கும் பிறகு ஓர் அமைதி. அந்த அமைதி அவள் பிடரியில் வந்து விழுந்தது. ரயில், விடுதி, லீவுக்கு லீவு. சாமி, என் குரலை எடுத்துக்கோ, அவளுக்குக் குடு என்று வேண்டிக்கொண்டாள்.

டக், டக் என்று மேசையில் ரெண்டு தட்டு.

"மேசையைத் தட்டாதம்மா. சும்மா இரு," என்றார் பெரிய டீச்சர்.

திரும்பினால் பரீட்சை போச்சு. திரும்பாவிட்டால், மறுபடி அந்த முதுகு. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். விடுதியோ கிடுதியோ, இனி இந்தப் பிள்ளைக்கு முதுகைக் காட்டி நிற்கிறதில்லை என்று அவள் உடம்பைத் திருப்பினதும் அந்தக் குரல் வந்ததும் ஒன்றாகத்தான் நடந்தது.

"அம்மா, திரும்பு. ஒண்ணுக்கு வருது."

கரகரத்த குரல். அறைக்குப் பெரிய குரல். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பெரிய டீச்சரின் கை அப்படியே நின்றது. நர்ஸம்மா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"பேரு இன்னும் சொல்லலியேம்மா," என்றார் பெரிய டீச்சர் பின்னாலிருந்து. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சரி, போய்ட்டு வாங்க. ரெண்டு பேரும் வாங்க."

பதில் சொல்ல வாயெடுத்த நர்ஸம்மா, அதை அடக்கிக்கொண்டு பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை தலையை மட்டும் ஆட்டியது.

எட்டி நடந்தும் பிரயோஜனமில்லை. பாவாடை நனைந்துதான் போயிருந்தது. தாழ்வாரத்துக் கடைசியில், குழாயடியில் வைத்துக் காலைக் கழுவிவிட்டாள். பிள்ளை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்றது. குழாய்ச் சத்தத்துக்கு மேலே, அவளுக்குக் கேட்கும்படியாகக் கேட்டது:

"தாத்தாவுக்கு ரொம்ப வலிச்சிருக்குமாம்மா?"

நர்ஸம்மா குழாயை மூடினாள். சும்மா இரு என்று சொல்லத் தோன்றும் இடம் அது. பெரியவர்கள் எல்லாரும் அங்கே அதைத்தான் சொல்லுவார்கள். அவள் ஈரக் கையோடு பிள்ளையின் முகத்துக்கு நேரே குந்தி உட்கார்ந்தாள்.

"வலிச்சிருக்கும்டா," என்றாள். அப்புறம், பிள்ளை அடுத்ததைக் கேட்கட்டும் என்று காத்திருந்தாள்.